அணில் கடிக்காத கொய்யா

வெள்ளைக்கரட்டுப்பட்டி பட்டாசு ஆலையில் ஏழாம் நம்பர் அறை எரிந்த மூன்றாம் மாதம், ஆலை வாசலில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்ற கொய்யா மரம் காய்க்கத் தொடங்கியது, காய்த்ததெல்லாம் கடிபட்டே காய்த்தது. பிஞ்சு விடும்போதே அதன் தோளில் எள்ளளவு ஒரு தடம் இருந்தது, பிஞ்சு காயாக ஆக அந்தத் தடமும் கூடவே வளர்ந்தது, காய் பழுத்தபோது அது ஒரு முழு வாய்க் கடியாகி, மேல்வரிசையும் கீழ்வரிசையும் தெளிவாகப் பதிந்து, இப்போதுதான் யாரோ கடித்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன மாதிரி ஈரத்தோடு இருந்தது. அதில் ஈ மொய்க்கவில்லை, கிளி கொத்தவில்லை, கடிபட்ட இடம் கறுக்கவும் இல்லை.

முதலில் பார்த்தவள் அன்னக்கிளி. ஆறாம் நம்பர் அறையில் சரவெடி பின்னுகிறவள், பேச ஆரம்பித்தால் ஓயாதவள், ஆனால் அன்றைக்கு அவள் கூச்சல் எதுவும் போடவில்லை. மத்தியானச் சோற்றுக்கு உட்காருமுன் தொட்டியில் கை கழுவி, வாய் கொப்பளித்து நிமிர்ந்தவள், எட்டிய பழத்தைப் பறித்து வெயிலில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பேச்சிக்கனி கடி" என்றாள், துணியைத் தொட்டுப் பார்த்து இது பருத்தி என்று சொல்கிற குரலில்.

யாரும் மறுக்கவில்லை. ஏழாம் நம்பர் அறையில் எரிந்துபோன பேச்சிக்கனிக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி போய்வரும் அளவு சந்து உண்டு. பழத்தில் அந்த இடத்தில் சதை சின்ன வரப்பு போல நின்றது. அடுத்த பழம் ராஜபுஷ்பம் கடித்தது, ஏனென்றால் கோரைப்பல் இருக்க வேண்டிய இடத்தில் குழி இல்லை, அந்தப் பல்லைப் புருசன்காரன் கல்யாணமான வருசமே உடைத்துவிட்டான். மூன்றாவது சீனித்தாய், அரிசி அரிசியாகப் பல் உள்ளவள், எதைக் கடித்தாலும் அளவாகக் கடிப்பவள். பத்துப் பன்னிரண்டு வருசம் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து, ஒரே காயை உப்புமிளகாய் தொட்டு ஆளுக்கொரு கடியாகக் கைமாற்றித் தின்று, யார் எவ்வளவு கடித்தாள் என்று சண்டையும் போட்டவர்களுக்கு, ஒரு கடி யாருடையது என்று சொல்ல ஒரு நிமிசம் வேண்டாம்.

ஊர் அதை எடுத்துக்கொண்டது. பேச்சிக்கனியின் புருசன் தன் பழத்தை வாங்கிக்கொண்டு போய் அரிசிப் பானைக்குள் வைத்தான், அங்கேதான் அவள் எப்போதும் பழம் பழுக்க வைப்பாள். ராஜபுஷ்பத்தின் மகள் பள்ளிக்கூடம் போகுமுன் அம்மா கடிக்காத பக்கத்திலிருந்து தின்றாள், அம்மா கடித்த பக்கத்தைத் துணியில் சுற்றி வைத்தாள். சீனித்தாயின் மாமியார் தினம் ஒரு பழத்தை எதிரே வைத்துக்கொண்டு, குழம்பில் புளி ஏறிப்போச்சு, கோழியை அடைக்கலை என்று முன்போலவே திட்டினாள், திட்டி முடித்ததும் முந்தானையில் துடைத்து வைத்தாள். அய்யனார் கோயில் பூசாரியிடம் இது தீட்டா என்று கேட்டார்கள். பழம் பழம்தான் என்றார் அவர். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு பழ வியாபாரி வந்து மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றபோது, அவன் கொண்டுவந்த கூடையை அவன் தலையிலேயே கவிழ்த்து அனுப்பினார்கள்.

நாலாவது ஒரு கடி இருந்தது. இடதுபக்க மேல் முன்பல்லில் ஒரு வெட்டு உள்ள வாய், கடித்த இடத்தில் அந்த வெட்டு ஒரு நூல் பருமனுக்குச் சதையைத் தூக்கி நிறுத்தியிருந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்று அன்னக்கிளிக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும், ஆனால் கொடுக்க வாய் வரவில்லை. ஏனென்றால் அரசாங்கம் ஒட்டிய பட்டியலில் செத்துப்போன நாலாவது ஆளின் பெயர் குருவம்மாள் என்றிருந்தது, அந்தக் குருவம்மாளோ மரத்தடியில் மஞ்சள் பையோடு நின்றுகொண்டு, வீட்டில் அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

குருவம்மாள் கவலைப்படாத நாள் கிடையாது. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். மழை வந்தால் கூரைக்காகவும் வராவிட்டால் கிணற்றுக்காகவும் தூக்கம் கெடுவாள். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு சரம் பின்ன வந்தவள். தாயும் தகப்பனும் போனபிறகு தங்கச்சி வேலுத்தாயை வளர்த்தவள், பிற்பாடு இவளுக்குப் புருசன் செத்தும் அவளுக்குப் புருசன் ஓடியும் போக, ரெண்டு பேரும் மறுபடி ஒரே வீட்டில், ஒரே ரேசன் கார்டில் இருந்தார்கள்.

அந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருநாள் வராவிட்டால் மறுநாள் உன் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பாள், ஆகையால் அக்காளுக்கு முடியாவிட்டால் தங்கச்சி போவாள், மகளுக்கு முடியாவிட்டால் தாய் போவாள், போர்மேன் தர்மராசு நோட்டைப் பார்த்துப் பெயரைக் கூப்பிடும்போது அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவள் "இருக்கேன்" என்பாள். அவருக்கு முகம் தெரியும். தெரிந்தும் எழுதுவார். அன்றைக்குக் குருவம்மாளுக்கு வலதுபக்கக் கடவாய்ப்பல் வீங்கிக் கன்னம் கொழுக்கட்டையாகியிருந்தது. வேலுத்தாய் வேலை பார்க்கும் மூன்றாம் நம்பர் அறைக்கு நூல் வராமல் லீவு. "நீ போய்ப் பல்லைப் புடுங்கிட்டு வாக்கா, நான் ஏழுல உக்காந்துக்கிறேன்" என்று தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போனாள் தங்கச்சி. குருவம்மாள் என்று கூப்பிட்டதற்கு "இருக்கேன்" என்றாள்.

பதினொன்று பத்துக்கு அது நடந்தது. குருவம்மாள் அரசு ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் நசீமாவின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு சாய்ந்திருந்தாள். டாக்டர் குள்ளம், ஒரு முக்காலி மேல் ஏறி நின்றுதான் பல் பிடுங்குவார். குறடு இழுத்தது, பல் வந்தது, அதே நேரம் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. தன் பல் கழன்ற சத்தம்தான் அது என்று குருவம்மாள் நினைத்தாள். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தபோது வடக்கே புகை நின்றது.

ஏழாம் நம்பர் அறையிலிருந்து எடுத்ததை நாலு மூட்டையாகக் கட்டினார்கள். முகம் இல்லை, கை இல்லை, சேலை இல்லை. யார் யார் என்று கேட்டபோது தர்மராசு நோட்டைக் கொடுத்தார், நோட்டில் நாலு பெயர் இருந்தது, நாலும் பட்டியலாயிற்று.

குருவம்மாள் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய், நான் சாகவில்லை, செத்தது என் தங்கச்சி என்றாள். எழுத்தர் ஒரு சின்ன இயந்திரத்தை நகர்த்தி விரலை வைக்கச் சொன்னார். வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பத்து விரலையும் வைத்தாள், பத்துக்கும் சிவப்பு எரிந்தது. முப்பது வருசம் மருந்தும் திரியும் தொட்ட விரலில் ரேகை என்று ஒன்றும் மிச்சமில்லை, புளியங்கொட்டை போல வழவழவென்று இருந்தது.

"குருவம்மாள் இறந்துட்டாங்கம்மா" என்றார் எழுத்தர், ஆறுதல் சொல்கிற மாதிரி. "நீங்க அவங்க தங்கச்சி வேலுத்தாய். துக்கத்துல குழம்பிப் போயிருக்கீங்க."

"என்னை நானே குழப்பிக்குவேனா? நான்தான் அக்கா."

"கார்டுல ரெண்டு பேர். ஒருத்தர் இறந்துட்டார். மிச்சம் இருக்கிறது நீங்க. வேலுத்தாய்னு ஒரு கையெழுத்துப் போடுங்க, அக்காவோட உடலை வாங்கிட்டுப் போய் நல்லபடியா அடக்கம் பண்ணுங்க. எத்தனை நாள் ஐஸ்ல வைக்கிறது?"

அதற்குள் ரேசன் கடையில் குருவம்மாள் பெயரை அடித்துவிட்டார்கள். தர்மராசு வீட்டுக்கே வந்து வாசலில் நின்றபடி கெஞ்சினார். "தாயி, நோட்டுல ஒரு பேரு, அறையில ஒரு ஆளுன்னு வெளிய தெரிஞ்சா லைசென்சே போயிரும். முந்நூறு பேரு சோறு. ஒரு எழுத்துதான. குருவம்மான்னா என்ன, வேலுத்தாயின்னா என்ன?"

குருவம்மாள் அதை மூன்று நாள் கவலைப்பட்டாள். கையெழுத்துப் போட்டால் தங்கச்சி ஐஸ் பெட்டியிலிருந்து மண்ணுக்குப் போவாள். ஆனால் குருவம்மாள் என்று கல் நடுவார்கள். அப்புறம் தான் வேலுத்தாயாக இருந்து, வேலுத்தாயாக அரிசி வாங்கி, ஒருநாள் வேலுத்தாயாகச் சாக வேண்டும், அன்றைக்கு எழுதுகிற காகிதத்தில்தான் தங்கச்சி சாவாள், அதுவும் காய்ச்சலிலோ மூப்பிலோ செத்ததாக. ஏழாம் நம்பர் அறையில் வேலுத்தாய் என்று ஒருத்தி எரியவே இல்லை என்றாகிவிடும். அவளுக்குப் பள்ளிக்கூடத்துச் சர்ட்டிபிகேட் கிடையாது. அவள் கல்யாணத்துக்குப் பதிவு கிடையாது. பெற்ற பிள்ளை மூணாம் நாளே போனதால் அதற்கும் ஒரு காகிதம் கிடையாது. மூன்றாம் நாள் சாயங்காலம் தர்மராசு மறுபடி வந்தபோது குருவம்மாள் பாத்திரம் விளக்கியபடி, தலை நிமிராமல் சொன்னாள்: "அவ இருந்ததுக்குத்தான் ஒரு தாளு இல்ல. செத்ததாவது அவ பேருல இருக்கட்டும்ணே. நான் போட மாட்டேன்."

மரம் பூ விட்டதும் அந்த வாரம்தான்.

நாலாவது கடி தெரிந்த அன்று அன்னக்கிளி ஒரு பழத்தைக் குருவம்மாளின் மஞ்சள் பைக்குள் போட்டாள். "எதுக்குக்கா பாத்துக்கிட்டே நிக்க? உன் வீட்டுப் பழம். கொண்டு போ." குருவம்மாள் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நேரே பல் டாக்டரிடம் போனாள், ஏனென்றால் தன்னைக் குருவம்மாள் என்று எழுதிக் கொடுத்த கடைசி ஆள் அவர்தான், சீட்டில் பெயரும் தேதியும் கடவாய்ப்பல் என்றும் எழுதி வைத்திருந்தார்.

டாக்டர் நசீமா அவளை நாற்காலியில் உட்கார வைத்து, முக்காலியில் ஏறி, டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். பல் பிடுங்கிய பள்ளம் மூடி ஈறாகியிருந்தது. இறங்கி, கையைக் கழுவிவிட்டு, மெதுவாகச் சொன்னார். "நாலு பேர் தாடையையும் உறையில போட்டு என்கிட்டதான் அனுப்பியிருக்காங்க. எல்லாம் எரிஞ்சாலும் பல் நிக்கும். குருவம்மாள்னு எழுதின நாலாவது உறையில இருக்கிற தாடையில அந்தக் கடவாய்ப்பல் இருக்கு. நான் பிடுங்கின பல் உங்களுக்குத் திரும்ப முளைக்காது. அது நீங்க இல்லை, அவ்வளவையும் நான் எழுதித் தர்றேன்."

"வேலுத்தாயின்னு எழுதுங்க டாக்டரம்மா."

"அதுக்கு அவங்க உயிரோட இருந்தப்ப எடுத்த ஒண்ணு வேணும். படம், அச்சு, பல் அடைச்ச சீட்டு, ஏதாவது. பல் டாக்டர்கிட்ட எப்பவாவது போயிருக்காங்களா?"

"பல்லு வலிச்சா கிராம்பு வச்சுக்குவா. ரொம்ப வலிச்சா என்னைய திட்டுவா."

டாக்டர் சிரிக்கவில்லை. "வசதியானவங்க பல்லுக்குத்தான் காகிதம் இருக்கு. அதுதான் இதுல கஷ்டம்" என்றார். பிறகு ஞாபகம் வந்தவராக, "அந்தத் தாடையில மேல் முன்பல்லுல ஒரு வெட்டு இருக்கு, இடப்பக்கம். உங்களுக்கும் ஒண்ணு இருக்கு, ஆனா வலப்பக்கம். அது எதனால?" என்று கேட்டார்.

குருவம்மாள் சொன்னாள். பட்டாசு அறைக்குள் இரும்பு போகக் கூடாது. வாசலிலேயே சேப்டி பின்னையும் கொலுசையும் கழற்றி வாங்கிவிடுவார்கள், கத்தரிக்கோல் என்ற பேச்சே இல்லை. சரம் பின்னி முடித்தால் நூலைப் பல்லால்தான் கடித்து அறுக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஐநூறு தடவை, ஒரே பல்லில், ஒரே இடத்தில். பத்து வருசத்தில் பல்லில் வாய்க்கால் விழுந்துவிடும். அத்தனை பேருக்கும் உண்டு, ஆளுக்கு ஒரு இடத்தில். "அவளுக்கு நான்தான் பின்னச் சொல்லிக் குடுத்தேன். எதிர்ல உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தேன். கண்ணாடியில பாக்குற மாதிரி நான் வலதுல கடிச்சதை அவ இடதுல கடிச்சா. மாத்திக் கடிடின்னு எத்தனையோ தடவை சொன்னேன், கேக்கல."

சொல்லிவிட்டு மஞ்சள் பையிலிருந்து பழத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

டாக்டர் அது எங்கே காய்த்தது, எப்படிக் காய்த்தது என்று கேட்கவில்லை. மாவு காய்கிறவரை சதை தாங்குமா என்று மட்டும் கேட்டார். அச்சு மாவைக் குழைத்துக் கடிக்குள் ஊற்றி, ரெண்டு பேரும் மின்விசிறிக்குக் கீழே காத்திருந்தார்கள். மாவு இறுகியதும் எடுத்து, உள்ளறையிலிருந்து நாலாவது உறையைக் கொண்டுவந்து, அதில் இருந்ததை அச்சின் மேல் பொருத்தினார். பழகிய செருப்பில் கால் நுழைகிற மாதிரி அது போய் உட்கார்ந்தது. குருவம்மாள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். தொடலாமா என்று கேட்கக் கவலையாக இருந்தது.

டாக்டரின் காகிதம் மேலே போனதும் கீழே எல்லோரும் சுறுசுறுப்பானார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து மரத்தை மூன்று தடவை சுற்றிவிட்டு, மேற்படி கொய்யாப்பழங்களில் காணப்படுவது அணில் கடி என்று எழுதினார். ஆலைக்காரர்கள் மரம் சுவரைப் பிளக்கிறது, வெட்ட வேண்டும் என்றார்கள். ரம்பம் வந்த அன்று எல்லா அறைப் பெண்களும் சோற்றுச் சட்டியோடு மரத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள், சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. "அணிலு கடிச்ச மரத்த வெட்டுனா அணிலுக்குப் பதில் சொல்லணுமே அண்ணாச்சி" என்றாள் அன்னக்கிளி ரம்பக்காரனிடம். அவன் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

கோட்டாட்சியர் புத்தி உள்ளவர். கிளைக்குக் கிளை பூவாக இருக்கும்போதே துணிப்பை கட்டி, அரக்கு வைத்து, தன் முத்திரையையே குத்தினார். ஒரு போலீஸ்காரரை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். காய் முற்றும்வரை பை அவிழவில்லை, அரக்கு உடையவில்லை. போலீஸ்காரருக்குப் பெண்கள் சோறு கொடுத்தார்கள், அவர் தன் மகள் கல்யாணக் கவலையைக் குருவம்மாளிடம் சொன்னார், குருவம்மாள் அதையும் சேர்த்துக் கவலைப்பட்டாள்.

விசாரணை நாளில் பைகளை அலுவலக மேசையில் வைத்து அவிழ்த்தார்கள். பன்னிரண்டு பை. பன்னிரண்டு பழமும் கடிபட்டிருந்தன, அவற்றில் அஞ்சில் அந்த இடப்பக்க நூல் வெட்டு இருந்தது. அறைக்குள்ளும் தாழ்வாரத்திலும் படியிலும் பெண்கள் நின்றார்கள். கொய்யா வாசனை கோப்புகளின் தூசி வாசனையை அமுக்கியது.

கோட்டாட்சியர் ஒரு பழத்தைப் பேனா முனையால் உருட்டிப் பார்த்தார். "சரி, அணில் இல்லை. நீங்க குருவம்மாள்ங்கிறதும் சரி, டாக்டர் காகிதம் இருக்கு. இறந்தவர் அடையாளம் தெரியாத பெண்ணுன்னு திருத்தி எழுதறேன்" என்றார்.

"அடையாளம் தெரியும் சார். வேலுத்தாய்."

"அம்மா, நீங்களே யோசிங்க. இது உங்க தங்கச்சி கடிச்சதுன்னு சொல்றீங்க. பழம் இந்த மாசப் பழம். இந்த மாசம் பழம் கடிக்கிறவங்க ஆறு மாசம் முன்னாடி எப்படிச் செத்திருப்பாங்க? அப்போ உங்க தங்கச்சி எங்கேயோ உயிரோட இருக்காங்க. புருசன் இல்லாதவங்க, எங்கேயாவது போயிருப்பாங்க."

தர்மராசு தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் நசீமா எழுந்து, "சார், கடிச்ச பல் உறையில இருக்கு, உறை ஆஸ்பத்திரியில பூட்டி இருக்கு" என்றார். "அப்போ பழத்தைக் கடிச்சது யாரு?" என்றார் கோட்டாட்சியர். "அது எனக்குத் தெரியாது சார். எந்தப் பல்லுங்கிறதுதான் என் வேலை." "பல் யாருதுன்னு சொல்றது இந்த அம்மா மட்டும்தான். அவங்க அக்கா. சாட்சி ஆகாது."

குருவம்மாளுக்குக் கதவைப் பூட்டினேனா என்று ஒரு நினைப்பு வந்தது, அதை ஒதுக்கி வைத்தாள். மேசைவரை நடந்துபோய், எழுத்தர் பக்கத்திலிருந்த இயந்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"உசுரோட நிக்கிற என் விரலுக்குத் தடம் இல்லேன்னு இது சொல்லுச்சு, நம்புனீங்க. நான் செத்துட்டேன்னு எழுதுனீங்க. செத்தவ பல்லுக்குத் தடம் இருக்குன்னு மரம் சொல்லுது, அதை ஏன் சார் நம்ப மாட்டேங்குறீங்க? மரம் உங்க முத்திரைக்குள்ளதான இருந்துச்சு?"

கோட்டாட்சியர் சிரித்து, "கடியைப் பார்த்துப் பேர் சொல்வீங்களாமே? சொல்லுங்க பார்ப்போம்" என்றார். ஒரு கூடை நல்ல கொய்யா வாங்கிவரச் சொன்னார். படியில் நின்ற பெண்களில் பத்துப் பேரை எழுத்தர் கட்டிடத்துக்குப் பின்னால் கூட்டிப்போய், ஆளுக்கு ஒரு பழம் கடிக்க வைத்து, எந்தப் பழம் யாருடையது என்று தனித்தாளில் குறித்துக்கொண்டு, கலைத்துத் தட்டில் போட்டுக் கொண்டுவந்தார். நடுவில் கோட்டாட்சியர் எழுந்து தன் அறைக்குப் போய்வந்தார், தட்டும் அந்த அறை வழியாகவே வந்தது. வந்தபோது பதினொரு பழம் இருந்தது.

அன்னக்கிளியைக் கூப்பிட்டார்கள், அவள் சாட்சி ஆகக் கூடியவள், உறவு இல்லை. அன்னக்கிளி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வேலையில் இறங்கினாள். "இது சண்முகக்கனி மதினி, கீழ ரெண்டு பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிடக்கும். இது முத்துராக்கு, பசியில கடிச்சிருக்கா, இன்னிக்குச் சாப்புடல போல. இது தங்கமாரி. இது அவ மக, தாயி மாதிரியே. இது யாரு, ஆராயி, வெத்தலைக் கறை ஒட்டியிருக்கு பாரு, விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணுனாளே." படியில் சிரிப்பு எழுந்தது. எழுத்தர் தாளில் ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வந்தார். பத்துக்குப் பத்து.

பதினோராவது பழத்தில் அன்னக்கிளி நின்றாள். திருப்பினாள். குருவம்மாளிடம் காட்டினாள். குருவம்மாள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன, தெரியலையா?" என்றார் கோட்டாட்சியர்.

"தெரியாம என்ன சார். இது நம்ம பொம்பளைக கடி இல்ல, நூலு வெட்டு இல்ல. ஆம்பளை கடி. முன்பல்லு நாலும் கட்டுன பல்லு, ஒரே மட்டமா சீப்பு மாதிரி விழுந்திருக்கு. கொய்யா கடிச்சுப் பழக்கமும் இல்ல, கொட்டைக்குப் பயந்து மேலாகக் கடிச்சிருக்கு." அன்னக்கிளி பழத்தைத் தட்டில் மெதுவாக வைத்தாள். "யாருன்னு சொல்லணுமா சார், வேணாமா?"

கோட்டாட்சியர் வாயை மூடிக்கொண்டார். எழுத்தர் தாளைப் பார்ப்பதா, மேலதிகாரியைப் பார்ப்பதா என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தார். போலீஸ்காரர் இருமினார்.

பிறகு அரக்குப் பையிலிருந்து எடுத்த பழங்களில் ஒன்றைத் தட்டில் வைத்து, படியில் நின்ற பெண்களை ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். ஒவ்வொருத்தியும் வந்தாள், குனிந்து பார்த்தாள், வேலுத்தாய் என்றாள். சிலர் வேலுத்தாய் அக்கா என்றார்கள். சிலர் அவள் பெயரைச் சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்தார்கள். எழுபத்து மூன்றாவது ஆளாக வந்தவர் தர்மராசு. அவரை யாரும் கூப்பிடவில்லை. பழத்தைப் பார்த்து, குருவம்மாளைப் பார்க்காமல், "வேலுத்தாய்தான் சார். அன்னிக்குக் குருவம்மான்னு கூப்பிட்டேன், வேலுத்தாய்தான் இருக்கேன்னு சொன்னா. தெரிஞ்சுதான் எழுதுனேன்" என்றார்.

கோட்டாட்சியர் பச்சை மையில் எழுதினார். எழுதியதைக் குருவம்மாள் கையில் வாங்கி, அஞ்சாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி ரெண்டு தடவை படித்தாள். இறந்தவர் வேலுத்தாய் என்று இருந்தது. தகப்பனார் பெயரும் சரியாக இருந்தது. வேலுத்தாயில் தாய்க்குக் கால் வாங்கியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். உறையையும் மூட்டையையும் வாங்கிப்போய் ஊர்ப்பொதுவில் அடக்கம் செய்தார்கள், கல்லில் வேலுத்தாய் என்று வெட்டினார்கள். அன்று சாயங்காலம் அலுமினியப் பானையில் கொய்யாப்பழங்களைக் கொட்டி வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள், கடிபடாத பக்கமாகத் தின்றார்கள்.

அதற்குப் பிறகு அந்த மரம் சாதாரணமாகக் காய்த்தது. பச்சையாக, முழுசாக, எந்தத் தடமும் இல்லாமல். ஊர் அதையும் எடுத்துக்கொண்டது.

ஆனால் பெண்கள் சும்மா இருக்கவில்லை. மரத்தடியில் ஒருநாள் மத்தியானம், யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை, இனிமேல் ஒருத்தி பெயரில் இன்னொருத்தி போவதில்லை, முடியாவிட்டால் முடியாது என்றே சொல்வது, இடத்தைப் பிடுங்கினால் முந்நூறு பேரும் எழுந்திருப்பது என்று பேசிக்கொண்டார்கள். டாக்டர் நசீமா வியாழக்கிழமைதோறும் முக்காலியோடு வந்து, அத்தனை பேர் பல்லையும் மாவில் பதிந்து, பெயர் எழுதி, ஆஸ்பத்திரி அலமாரியில் வரிசையாக வைத்தார். அது போதாது என்று குருவம்மாளுக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரி எரிந்தால்? அலமாரியைக் கரையான் தின்றால்? நல்லதுக்கும் கவலைப்படுகிறவள் அவள்.

அதனால் இப்போதும் தினம் காலையில் பெண்கள் வாசலில் கொலுசைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தொட்டியடியில் ஆளுக்கு ஒரு கொய்யா பறித்து, ஒரே ஒரு கடி கடித்து, போர்மேன் மேசையில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் அறைக்குள் போகிறார்கள். காய் இல்லாத மாதத்தில் வெள்ளரிப் பிஞ்சு. வேலை நேரம் தொடங்கும்போது மேசை முழுக்க முந்நூறு வாய்.

ஆலைக்குப் புதிதாக வந்த மேனேஜர், டை கட்டியவர், முதல் நாளே இதைப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார். "என்ன இது? யார் இதையெல்லாம் கடிச்சுப் போட்டது?"

வரிசையில் கடைசியாக வந்த குருவம்மாள் தன் காயை மேசையில் வைத்தாள், வலதுபக்கம் நூல் வெட்டு விழுந்த கடி. கடவாய்ப்பல் இல்லாத இடம் தெரியும்படி வாய் நிறையச் சிரித்தாள்.

"அணில் கடிச்சது சார்" என்றாள்.